பாத்திரம் ஏன் மிதக்கிறது? – அனிமேஷன் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக அனிமேஷன் கற்றுக்கொள்கிறவர்கள் எழுதியவை. பகலில் வேறு வேலை, இரவில் கணினி முன்னால் ஒரு பொம்மையை நடக்கவைக்கும் முயற்சி. ஸ்டூடியோவில் காட்சியை யாரோ தீர்மானித்துத் தருவார்கள், நாங்கள் அசைத்துக் கொடுப்போம். வீட்டில் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எதை அசைக்கப் பிடிக்கிறதோ அதையே அசைக்கிறார். அதனால்தான் பாட்டி கதை, டீக்கடை, வேட்டி என்றெல்லாம் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் ரசித்துப் படித்தேன்.

அக்கா, நான் பள்ளி ஆசிரியர். என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இதில் கேரக்டர் அனிமேஷன் கற்க முடியுமா? எந்த மென்பொருள்?
– ஒரு வாசகர், கரூர்

முடியும். பிளெண்டரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம் என்பதால் இரண்டாந்தரம் என்று நினைக்கவேண்டாம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' இதில்தான் உருவானது. இந்த மென்பொருள் இலவசமான கதையும் நல்ல கதை. 2002-இல் இதை விற்றுவந்த நெதர்லாந்து நிறுவனம் மூடப்பட்டபோது, இதை உருவாக்கிய டான் ரோசண்டால் பயனர்களிடமே பணம் திரட்டினார். ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. அதைக் கொடுத்து மூலநிரலை மீட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்று கரூரில் நீங்கள் ஒரு ரூபாய் செலவில்லாமல் இதைத் திறக்க முடிவது அவர்களால்தான்.

அசைவு கற்கப் பெரிய கணினி தேவையில்லை. ஒளி, நிழல், முடி, துணி எல்லாம் சேர்த்துக் கடைசிப் படமாக ரெண்டர் செய்யும்போதுதான் கணினி திணறும். நீங்கள் சாம்பல் நிற சாலிட் வியூவிலேயே மாதக்கணக்கில் பழகலாம், நாங்களும் அப்படித்தான் வேலை செய்கிறோம். புதிய பதிப்பு உங்கள் லேப்டாப்பில் திறக்கவில்லை என்றால் பழைய பதிப்புகளும் பிளெண்டர் தளத்திலேயே இருக்கின்றன. ரெண்டர் பகுதியில் உள்ள சிம்ப்ளிஃபை வசதியை இயக்கி, உருவத்தை வழவழப்பாக்கும் சப்டிவிஷனைப் பூஜ்ஜியமாக்கினால் பாத்திரம் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும், ஆனால் வேகமாக நகரும்.

மெதுவான கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றை அவசியம் கவனிக்கவேண்டும். பிளெண்டர் வழக்கமாக ஒவ்வொரு ஃபிரேமையும் (அசைவின் ஒவ்வொரு தனிப் படத்தையும்) விடாமல் ஓட்டிக்காட்டும். கணினி மெதுவாக இருந்தால் 2 விநாடிக் காட்சி 4 விநாடி ஓடும். அதைப் பார்த்து 'மெதுவாக இருக்கிறதே' என்று நீங்கள் கீஃபிரேம்களை (நீங்களே போஸ் வைத்த ஃபிரேம்களை) நெருக்கிவிடுவீர்கள். அப்புறம் வீடியோவாக எடுத்துப் பார்த்தால் பாத்திரம் பேய் பிடித்தமாதிரி ஓடும். டைம்லைனில் பிளேபேக் மெனுவுக்குப் போய் 'ஃபிரேம் டிராப்பிங்' என்று மாற்றுங்கள். அப்போது சில ஃபிரேம்கள் விட்டுப்போகும், ஆனால் நேரம் சரியாக இருக்கும். சந்தேகம் வந்தால் வியூ மெனுவில் வியூபோர்ட் ரெண்டர் கொடுத்து சின்ன வீடியோவாக எடுத்துப் பாருங்கள். நேரத்தைப் பற்றிய எந்த முடிவையும் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

பந்து துள்ளும் பயிற்சியை முடித்துவிட்டு மனிதன் நடப்பது, குதிப்பது என்று போனேன். எல்லாமே தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது. கீஃபிரேம் எவ்வளவு சேர்த்தாலும் சரியாகவில்லை. எங்கே தவறுகிறேன்?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன். போஸ்கள் நன்றாகவே இருக்கின்றன. மிதப்பதற்குக் காரணம் போஸ்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்த நடுப்பகுதியைக் கணினியிடம் விட்டுவிட்டீர்கள்.

இரண்டு கீஃபிரேம் வைத்தால் பிளெண்டர் இடையில் பெசியர் வளைவு போட்டு நிரப்பும். அந்த வளைவு ஒவ்வொரு நிலையிலிருந்தும் மெல்லக் கிளம்பி, அடுத்த நிலைக்கு மெல்லப் போய்ச் சேரும். காலும் மெல்ல நிற்கிறது, கையும் மெல்ல நிற்கிறது, தலையும் அதே நேரத்தில் மெல்ல நிற்கிறது. எடையுள்ள உடம்பு அப்படி நகராது. குதிகால் தரையில் மெல்ல இறங்குவதில்லை, பட்டென்று விழுகிறது. அதற்குப்பின் இடுப்பு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. உங்கள் நடையில் அந்த இறக்கமே இல்லை.

முதலில் குதிப்பதை எடுத்துக்கொள்வோம், அதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், மேலிருந்து விடப்பட்ட பொருள் 6 ஃபிரேமில் சுமார் 30 சென்டிமீட்டர் விழும். 12 ஃபிரேமில் 1.2 மீட்டர். 24 ஃபிரேமில் 4.9 மீட்டர். பந்தானாலும் மனிதனானாலும் இதுதான். ஆக, ஒருவர் 30 சென்டிமீட்டர் உயரம் குதித்தால் மேலே போக 6, கீழே வர 6, மொத்தம் 12 ஃபிரேம்தான் அவர் அந்தரத்தில் இருக்கமுடியும். உங்கள் கோப்பில் அதே உயரத்துக்கு 30 ஃபிரேம் கொடுத்திருக்கிறீர்கள். அது கிட்டத்தட்ட நிலாவில் குதிக்கிறவருக்கான நேரம். மிச்சமுள்ள ஃபிரேம்களைக் குதிப்பதற்கு முன்னால் குனிவதற்கும், இறங்கியபின் முழங்கால் மடங்கி நிமிர்வதற்கும் கொடுங்கள். பார்க்கிறவர் எடையை உணர்வது அந்த இரண்டு இடங்களில்தான்.

நடைக்கு வருவோம். மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கீஃபிரேம்களை வரிசையாகக் காட்டும் டோப் ஷீட்டில் எல்லாக் கீகளையும் தேர்ந்துகொண்டு டி (T) விசையை அழுத்தி, இன்டர்போலேஷனை, அதாவது இடையில் நிரப்பும் முறையை, 'கான்ஸ்டன்ட்' ஆக்குங்கள். இப்போது கணினி எதையும் நிரப்பாது. பாத்திரம் ஒரு போஸிலிருந்து அடுத்ததுக்குத் தாவும். 1-ஆம் ஃபிரேமில் முன்காலின் குதிகால் தரை தொடும் நிலை. 4-இல் உடம்பு முழு எடையோடு கீழே இறங்கிய நிலை, நடையில் இடுப்பு மிகத் தாழ்ந்திருப்பது இங்கேதான். 7-இல் பின்கால் முன்காலைக் கடக்கும் நிலை. 10-இல் ஊன்றிய காலின் விரல்கள் தள்ளி உடம்பு உயர்ந்த நிலை. 13-இல் அடுத்த குதிகால் தொடும். 13-ஆம் போஸை நீங்கள் புதிதாகச் செய்யவேண்டாம். முதல் போஸை நகலெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இடம் வலம் மாறி ஒட்டிக்கொள்ளும்.

7-ஆம் ஃபிரேமில் ஒரு கால் மட்டும்தான் தரையில் இருக்கிறது, இல்லையா? அப்படியானால் இடுப்பு அந்தக் காலின் பக்கம் சாய்ந்து வந்திருக்கவேண்டும். முன்னாலிருந்து பார்க்கும் கேமராவை வைத்துச் சரிபாருங்கள். இடுப்பு நடுவிலேயே நின்றால் நிஜ மனிதன் விழுந்துவிடுவான். நீங்கள் பக்கவாட்டிலிருந்து மட்டும் பார்த்து வேலை செய்ததால் இது கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

இந்தத் தாவும் நடையை ஓட்டிப் பார்த்து, 'சரி, இவன் நடக்கிறான்' என்று உங்களுக்கே தோன்றும்வரை பெசியருக்கு மாற்றாதீர்கள். மாற்றியபின், அசைவைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, பாதம் தரையில் இருக்கும் நேரம் முழுக்க அதன் முன்பின் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நின்ற இடத்திலேயே நடக்கும் சுழற்சியில் அந்தக் கோடு வளைந்தால் பாதம் வழுக்கும்.

என் பாட்டி கதை சொல்வதைப் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். அந்தக் குரலுக்கு ஒரு பாட்டி பொம்மையை வாயசைக்கவைக்க ஆசை. இணையத்தில் கிடைக்கும் வாய் வடிவப் படங்களைப் பார்த்துச் செய்தேன். ஏதோ டப்பிங் படம் மாதிரி ஒட்டாமல் இருக்கிறது.
– ஒரு வாசகி, கோவை

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை நீட்டிக் கேட்டு வாங்கினேன். அந்தப் பதிவை முதலில் இரண்டு மூன்று இடங்களில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

நீங்கள் பார்த்த வாய்ப் படங்கள் ஆங்கிலத்துக்காக வரையப்பட்டவை. நம் பேச்சுக்கு அவை பாதிதான் பொருந்தும். அதோடு நீங்கள் எழுத்தைப் பார்த்து வாயை வைத்திருக்கிறீர்கள். காதால் கேட்டு, உதட்டைப் பார்த்து வைக்கவேண்டும். ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாட்டியின் வாக்கியத்தை அவர் சொல்கிற மாதிரியே சொல்லிப் பாருங்கள்.

'அப்பா வந்தாச்சு' என்று சொல்லுங்கள். 'ப்பா'வில் உதடு மூடுவது தெரியும். எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது? 'மாமா'வில் நடு மகரத்துக்கு மூடுவதைவிட நீண்ட நேரம். ஒற்றை மெய்க்கு 2 ஃபிரேம் போதும் என்றால், ப்ப, ம்ம போன்ற இரட்டிப்புக்கு 4 ஃபிரேமாவது உதட்டை மூடி நிறுத்துங்கள். 'அம்மா' என்ற சொல் தமிழாகத் தெரிவதே இந்த நிறுத்தத்தில்தான். அடுத்து 'வ'. உதடு மூடாது, கீழுதடு மேற்பல் பக்கம் லேசாகப் போய்த் திரும்பும். கடைசியில் 'சு'. இங்கே உகரம் இருக்கிறதே என்று நீங்கள் உதட்டைக் குவித்திருக்கிறீர்கள். கண்ணாடியில் பாருங்கள், குவியவே இல்லை. பள்ளியில் படித்த குற்றியலுகரம் இதுதான். 'ஊருக்கு' என்பதில் ஊ நன்றாகக் குவியும், கடைசிக் 'கு' குவியாது. 'உப்பு' என்பதில் முதல் உ குவியும், கடைசி உ குவியாது. பாட்டி பொம்மை ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் உதட்டைக் குவித்தால், தமிழ் தெரியாத யாரோ பேசுகிற மாதிரித்தான் தோன்றும். உங்கள் கோப்பில் ஒட்டாததற்குப் பெரிய காரணம் இது.

மகர ஈற்றுக்கும் இதே கவனம் வேண்டும். 'பணம்', 'மரம்' என்று எழுதுகிறோம். பேச்சில் கடைசி 'ம்' பெரும்பாலும் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது, உதடு குவிந்து பாதி திறந்தே நிற்கிறது. உங்கள் பாட்டி எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் மூடினால் மூடுங்கள், மூடாவிட்டால் விட்டுவிடுங்கள். ழ, ள, ண, ட எல்லாம் நாக்கு உள்ளே செய்யும் வேலை. வெளியிலிருந்து தெரியாது. அவற்றுக்குத் தனி வடிவம் செய்து நேரத்தை வீணாக்கவேண்டாம், முன்னும் பின்னும் உள்ள உயிரொலியின் வாயே போதும்.

பிளெண்டரில் ஒலியை வீடியோ சீக்வென்சரில் சேர்த்து, பிளேபேக் மெனுவில் ஆடியோ ஸ்கிரப்பிங்கை இயக்கி, 'சிங்க் டு ஆடியோ' என்று வையுங்கள். டைம்லைனை விரலால் நகர்த்த நகர்த்த ஒலி துண்டு துண்டாகக் கேட்கும். முதல் சுற்றில் தாடை மட்டும்: எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது. இரண்டாவது சுற்றில் உதடு: எங்கே குவிகிறது, எங்கே விரிகிறது. வாய் வடிவம் ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னதாக வரட்டும். நாம் பேசும்போதும் வாய்தான் முதலில் தயாராகிறது.

ஒரு வேண்டுகோள். வாயசைவைத் தொடங்குவதற்கு முன்பே பாட்டியின் தலையையும் கையையும் அசைத்துவிடுங்கள். கதை சொல்கிறவர்கள் முக்கியமான சொல்லுக்கு முன் ஒரு நொடி நிறுத்துவார்கள், அப்போது கண் கேட்பவரைப் பார்க்கும். அந்த நிறுத்தம் உங்கள் பதிவில் எங்கெங்கே இருக்கிறது என்று குறித்துவைத்து, அங்கே உடம்பையும் அசையாமல் நிறுத்துங்கள், கண் மட்டும் திரும்பட்டும். அதைச் செய்துவிட்டால் வாயில் சின்னப் பிசகு இருந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கணினியில் வரையும் வரைபலகை (டேப்லெட்) வாங்கவேண்டுமா அக்கா? அப்பா பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், விழுப்புரம்

நீ செய்வது முப்பரிமாணம் என்றால் இப்போது வேண்டாம் தம்பி. நடுவில் சக்கரம் உள்ள நல்ல மவுஸ் ஒன்று போதும். போஸ்களை முதலில் நோட்டில் குச்சி மனிதர்களாக வரைந்து பார், அதற்குப் பென்சில் போதும். பிளெண்டரிலேயே கிரீஸ் பென்சில் வைத்து இருபரிமாணத்தில் வரையப் போகிறாய் என்றால் மட்டும் வரைபலகை கேள். அப்போதும் திரையில்லாத சின்ன அளவு போதும்.

டீ ஆற்றும் மாஸ்டர் ஒருவரை அனிமேட் செய்கிறேன். கைக்கு ஐகே வைப்பதா, எஃப்கே வைப்பதா? கிளாஸ் கையோடு ஒட்டாமல் நழுவுகிறது. டீயை எப்படிக் காட்டுவது?
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், நாகர்கோவில்

ஐயா, அருமையான காட்சியைத் தேர்ந்திருக்கிறீர்கள். வீசி நடக்கும் கைக்கு எஃப்கே (ஒவ்வொரு மூட்டாக நாமே திருப்பும் முறை) நல்லது, தோளிலிருந்து திருப்பினால் கை தானாக வட்டப் பாதையில் போகும். ஆனால் டீ ஆற்றும்போது இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தாகவேண்டும், இல்லையென்றால் டீ கீழே கொட்டும். கை எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகும் இடத்தில் ஐகே (கையை வைத்த இடத்துக்கு ஏற்ப மூட்டுகள் தானாக மடங்கும் முறை) வையுங்கள். ஐகேயில் கை நேர்கோட்டில் போய்விடும் ஆபத்து உண்டு, அதனால் நடுவில் ஒரு கீ வைத்துப் பாதையை வளையுங்கள். முழங்கை அங்குமிங்கும் துடித்தால், அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று சொல்லும் 'போல்' (pole) கண்ட்ரோலுக்கும் கீ வையுங்கள்.

கிளாஸுக்கு 'சைல்ட் ஆஃப்' கன்ஸ்ட்ரெய்ன்ட் கொடுத்துக் கை எலும்போடு இணையுங்கள். மேசையில் இருக்கும்வரை அதன் இன்ஃப்ளுயன்ஸ் 0, கை பிடித்த ஃபிரேமில் 1. இடையில் கான்ஸ்டன்ட் வையுங்கள், பெசியர் வைத்தால் கிளாஸ் காற்றில் மிதந்து கைக்கு வரும். இணைக்கும்போது கிளாஸ் எங்கோ தாவினால் 'செட் இன்வர்ஸ்' பொத்தானை அழுத்துங்கள்.

டீக்குத் திரவ சிமுலேஷன் வேண்டாம். மெல்லிய குழாய் வடிவம் ஒன்றை இரண்டு கிளாஸ்களுக்கும் நடுவில் நீட்டிக் குறைத்தாலே போதும். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். திருநெல்வேலிக்காரருக்குச் சொன்ன கணக்குதான்: கைகள் 1 மீட்டர் விலகியிருந்தால் மேல் கிளாஸை விட்ட கடைசி டீ கீழே வந்துசேர சுமார் 11 ஃபிரேம் ஆகும். அதுவரை கீழ்க்கை விலகக்கூடாது. டீக்கடையில் நின்று பாருங்கள், மேல் கை நிமிர்ந்தபின்னும் கீழ்க்கை காத்திருக்கும். மாஸ்டர் மேல் கிளாஸைப் பார்க்கவேமாட்டார். கண் கீழ் கிளாஸிலோ, பேசிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரிடமோ இருக்கும். பக்கத்தில் ஒருவரிடம் பேசியபடியே ஆற்றுகிற மாதிரி வையுங்கள். இந்த வேலையில் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மிக்ஸாமோ போன்ற இணையதளங்களில் நடை, ஓட்டம், நடனம் எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. கையால் கற்றுக்கொள்வது வீண் வேலையா?
– பொறியியல் மாணவி, மதுரை

படம் முடிக்கும் அவசரம் என்றால் தயார் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. கணினி விளையாட்டு ஒன்றுக்காகப் பின்னணியில் இருபது பேர் நடக்கவேண்டும் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் மாவுக்கட்டு போட்ட காலோடு பேருந்தைப் பிடிக்க ஓடும் அத்தை ஒருவரின் ஓட்டம் எந்தத் தொகுப்பிலும் இருக்காது. அதை யாராவது யோசித்து, நடித்துப் பார்த்து, ஒவ்வொரு போஸாக வைக்கவேண்டும். தயார் அசைவைப் பாடமாகவும் பயன்படுத்தலாம். ஒரு நடையை இறக்கி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, இடுப்பு எங்கே தாழ்கிறது, தோள் எப்போது எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. சொந்தமாகப் பாத்திரம் செய்து, எலும்பு பூட்டி முடித்தபின்தான் அசைவு கற்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஆரம்பித்தவர்கள் பலர் எலும்பு பூட்டும் இடத்திலேயே களைத்துப்போய் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பிளெண்டர் ஸ்டூடியோ தளத்தில் ரெயின், ஸ்னோ என்று இரண்டு பாத்திரங்கள் ரிக்கோடு (எலும்பு பூட்டியபடியே) இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று இரவே இறக்கி அசைக்க ஆரம்பியுங்கள்.

என் தாத்தா பாத்திரம் வேட்டி கட்டியிருக்கிறது. நடக்கும்போது கால் வேட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

முதலில் நடையைப் பாருங்கள். பேன்ட் போட்டவரின் நீண்ட எட்டை வேட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள். தழையக் கட்டிய வேட்டியில் எட்டு சுருங்கும். வேகமாகப் போகவேண்டும் என்றால் தாத்தா ஒரு கையால் நுனியைத் தூக்கிப் பிடிப்பார், அல்லது மடித்துக் கட்டிவிடுவார். எட்டைக் குறைத்தாலே பாதிக் கிழிசல் போய்விடும்.

மீதிக்குத் துணி சிமுலேஷன் போடுவதென்றால், நடை தொடங்குவதற்கு 30 ஃபிரேம் முன்னதாகவே பாத்திரத்தைக் கைகால் விரிக்காத சாதாரண நிலையில் நிறுத்தி, அங்கிருந்து மெல்ல முதல் போஸுக்குக் கொண்டுவாருங்கள். துணி அதற்குள் உடம்பில் படிந்துவிடும். கணினி அதைத் தாங்காது என்றால் வேட்டியின் முன்னும் பின்னும் பக்கங்களிலும் நாலைந்து எலும்புகளைப் பூட்டி, முழங்கால் முன்னால் வரும்போது முன் எலும்பைக் கையால் தள்ளி விடுங்கள். கீழ் நுனி மேல்பகுதியைவிட 2 ஃபிரேம் தாமதமாக வரட்டும். அதற்கும் பொறுமையில்லை என்றால் தாத்தாவுக்கு வேட்டியை மடித்துக் கட்டிவிடுங்கள், முழங்காலுக்குக் கீழே துணியே இருக்காது.